நம்மை எண்ணாத கணக்கு

காலை ஆறரை மணிக்கெல்லாம் நாக்காவில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கொத்தனார், சித்தாள், பெயிண்டர், சென்டரிங் ஆள் என்று கையில் தூக்குச்சட்டியோடு நிற்கிறார்கள். எட்டு மணிக்குள் பெரும்பாலோர் மேஸ்திரியோடு போய்விட்டால் அது நல்ல காலம். பத்து மணி வரை நின்றுவிட்டு, தூக்குச்சட்டியைத் திறக்காமலே வீடு திரும்பினால் அது கெட்ட காலம். பொருளாதாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறிய நம்மிடம் உள்ள அளவுகோல் இதுதான்.

ஆனால் இதே ஏற்ற இறக்கத்தை வேறு சிலரும் அளந்துகொண்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களிலும் மத்திய வங்கிகளிலும் உட்கார்ந்து, ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் சில சமன்பாடுகளாக எழுதி, கணிப்பொறியில் போட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்தச் சமன்பாடுகளின் தொகுப்புக்கு ‘மாதிரி’ என்று பெயர். வட்டியைக் கூட்டினால் வேலை எவ்வளவு குறையும், அரசு செலவைக் குறைத்தால் யார் எவ்வளவு தாங்குவார்கள் என்று அந்த மாதிரியிடம் கேட்கிறார்கள். அது சொல்லும் பதிலை வைத்து அரசும் வங்கியும் முடிவெடுக்கின்றன.

கூலிக்காரனுக்கும் கணிப்பொறிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகத் தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நாளைக்கு மேஸ்திரி நாக்காவுக்கு வருவதும் வராததும் அந்த முடிவுகளில்தான் தொங்குகிறது. எனவே அந்தக் கணக்கில் நாம் இருக்கிறோமா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. இந்தத் தலையங்கம் அதைத்தான் கேட்கிறது.

தண்ணீர் இயந்திரம்

1949-ஆம் ஆண்டில் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் ஒரு விநோதமான இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதைச் செய்தவர் பில் பிலிப்ஸ். நியூசிலாந்தில் பிறந்த பொறியாளர். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் அந்த இயந்திரத்தில் கண்ணாடி போன்ற தொட்டிகள், குழாய்கள், அடைப்பான்கள். உள்ளே ஓடுவது வண்ணத் தண்ணீர். தண்ணீர்தான் பணம். நாட்டின் வருமானம் மேலிருந்து கீழே பாயும். ஒரு கிளை வரியாகப் பிரியும்; ஒரு கிளை சேமிப்பாகப் போகும்; ஒரு கிளை இறக்குமதிக்காக வெளியேறும்; மிச்சம் செலவாகித் திரும்பவும் வருமானமாக ஏறும். ஒரு அடைப்பானைத் திருகினால் தொட்டிகளில் நீர்மட்டம் ஏறி இறங்குவதை மாணவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

குழாயடியில் வரிசையில் நின்று வளர்ந்த நமக்கு அந்த இயந்திரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்பதாலேயே நம் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. எந்தக் கிளையில் எந்த அடைப்பான், அது யார் கையில் என்பதைப் பொறுத்தது அது. பிலிப்ஸின் இயந்திரத்தில் நாட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரே நுகர்வுக் குழாய்தான் இருந்தது. ஆலை முதலாளியும் ஆலைத் தொழிலாளியும் அந்த ஒரே குழாயில் குடித்தார்கள். இயந்திரம் போய்க் கணிப்பொறி வந்த பிறகும் இந்தக் குறை நெடுங்காலம் தொடர்ந்தது.

1982-ன் இரண்டு செய்திகள்

1982 ஜனவரி 18-ஆம் நாள் பம்பாயின் துணியாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பேர் ஆலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினருக்கு ஆலைக் கதவு மறுபடி திறக்கவே இல்லை. கிரண்காவில் அன்று சங்கு ஊதிய இடங்களில் இன்று என்ன நிற்கிறது என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அதே 1982-ல் அமெரிக்காவில் பின் கிட்லாண்ட், எட்வர்ட் பிரெஸ்காட் என்ற இரு பேராசிரியர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொருளாதார ஏற்ற இறக்கத்தைக் கணிப்பொறி மாதிரியால் விளக்கும் ஆராய்ச்சியில் அது ஒரு திருப்பம். 2004-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் சொன்னதன் சாரம் இது: தொழில்நுட்பத்திலும் உற்பத்தித் திறனிலும் ஏற்படும் திடீர் மாற்றங்களே நல்ல காலத்தையும் கெட்ட காலத்தையும் உண்டாக்குகின்றன. உற்பத்தித் திறன் குறைந்த காலத்தில் கூலியும் குறைவு. ஆகவே மக்கள் இப்போது குறைவாக உழைத்து, கூலி நன்றாக இருக்கும் காலத்தில் அதிகமாக உழைக்கலாம் என்று கணக்குப் போட்டு ஓய்வெடுக்கிறார்கள்.

அதாவது, கெட்ட காலத்தில் வேலை குறைவது தொழிலாளியின் தேர்வு! நாக்காவில் பத்து மணி வரை நின்று திரும்புகிறவன் ஓய்வை விரும்பித் திரும்புகிறான்!

இந்தப் போக்கை முன்கூட்டியே கேலி செய்த பொருளாதார அறிஞர்களும் உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பிராங்கோ மோடிக்லியானி, 1977-ல் அச்சான தம் உரையில், 1930-களின் பெருமந்தத்தைச் சோம்பேறித்தனம் தொற்றுநோயாகப் பரவிய காலம் என்றா சொல்லப் போகிறீர்கள் என்ற பொருள்படக் கேட்டார். 1933-ல் அமெரிக்கத் தொழிலாளரில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. நாலில் ஒருவன் விடுமுறையில் போனானா?

ஆனாலும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டுரையில் நமக்குப் பயன்படும் ஓர் உண்மையும் இருந்தது. கட்டடமோ ஆலையோ ஒரே நாளில் எழுவதில்லை. முடிவெடுத்த பிறகு பல மாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை அவர்கள் சமன்பாட்டில் சேர்த்தார்கள். இதை நம்மைவிட யார் அறிவார்? இன்று நாம் பூசும் சுவர் சென்ற ஆண்டு எடுத்த முடிவு. இன்று முதலாளி தயங்கினால் அந்தத் தயக்கம் அடுத்த ஆண்டு நம் அடுப்பில் தெரியும். 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காட்டுக்கு ஏற்றியது. வட்டி ஏறினால் கடன் வாங்கிக் கட்டுகிறவன் அடுத்த கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்ட யோசிப்பான். ஆனால் முன்பே தொடங்கிய வேலை ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அடி உடனே தெரிவதில்லை; தெரியும்போது அது யார் கொடுத்த அடி என்று நமக்குத் தெரிவதில்லை.

கூலி இறங்குவதில்லை, வேலைநாள் இறங்குகிறது

அடுத்து வந்த ஆராய்ச்சியாளர்கள் வேலையில்லாத் திண்டாட்டத்தை ஓய்வு என்று சொல்லவில்லை. வேலை ஒரு பக்கம் காலியாக இருக்கும், ஆள் இன்னொரு பக்கம் தேடிக்கொண்டிருப்பான், இரண்டும் சந்திக்க நேரமும் செலவும் ஆகும் என்றார்கள். பீட்டர் டயமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டோபர் பிசரைட்ஸ் ஆகிய மூவருக்கு இதற்காக 2010-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் நாக்காவைப் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது அந்தத் தத்துவம்.

ஆனால் ராபர்ட் ஷைமர் என்ற பேராசிரியர் 2005-ல் அதையும் சோதித்துப் பார்த்தார். காலியிடங்களுக்கும் வேலை தேடுவோருக்கும் உள்ள விகிதம் அமெரிக்காவில் உற்பத்தித் திறனைப்போல ஏறக்குறைய 20 மடங்கு ஆடுகிறது. மாதிரியிலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் ஆடுகின்றன என்று காட்டினார். ஏன் இந்த வேறுபாடு? மாதிரிக்குள் கெட்ட காலம் வந்தால் கூலி உடனே இறங்கி அடியைத் தாங்கிக்கொள்கிறது. உண்மை உலகில் கூலி அப்படி இறங்குவதில்லை. ஆள் எடுப்பதுதான் நிற்கிறது.

நம் நாட்டிலும் அப்படித்தானா? அப்படித்தான். இந்திய மாவட்டங்களின் பல ஆண்டுக் கூலியையும் மழையையும் ஒப்பிட்டுச் சுப்ரீத் கவுர் என்ற ஆய்வாளர் 2019-ல் வெளியிட்ட கட்டுரை இதைக் காட்டுகிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் விவசாயக் கூலி ஏறுகிறது. அடுத்த ஆண்டு மழை பொய்த்தாலும் ஏறிய கூலி இறங்குவதில்லை. வேலைநாள்தான் குறைகிறது.

இதைக் கேட்டதும் சிலர், “அப்படியானால் கூலியைக் குறைத்துக்கொள்ளுங்கள், வேலை கிடைக்கும்” என்று நமக்கு உபதேசம் செய்யக் கிளம்புவார்கள். எல்லோர் கூலியும் ஒன்றாகக் குறைந்தால் அரிசிக் கடையிலும் துணிக் கடையிலும் வாங்குவது யார்? வாங்க ஆளில்லாவிட்டால் உற்பத்தி செய்வது யாருக்காக? இந்த ஆய்விலிருந்து நாம் எடுக்கும் பாடம் வேறு. நாட்கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்கிற கணக்கு நம் துன்பத்தைக் காட்டாது. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று கேட்கிற கணக்குதான் காட்டும்.

ஒரே குடும்பமா நாடு?

நெடுங்காலம் இந்த மாதிரிகளில் நாடு முழுவதற்கும் ஒரே ஒரு ‘சராசரிக் குடும்பம்’தான் இருந்தது. கணக்குக்கு அது சுலபம். 1998-ல் பெர் குருசெல், ஆண்டனி ஸ்மித் இருவரும், பணம் உள்ளவர், இல்லாதவர், வேலை உள்ளவர், இழந்தவர் என்று பல்வேறு குடும்பங்களை ஒரே மாதிரிக்குள் வைத்துக் கணக்கிட வழி கண்டார்கள். கணிப்பொறியின் ஆற்றல் வளர்ந்ததால் அது முடிந்தது. 2008-ல் அமெரிக்க வங்கிகள் சரிந்து உலகமே மந்தத்தில் விழுந்தபோது, ஒரே குடும்ப மாதிரிகள் கைகொடுக்கவில்லை என்ற கண்டனம் எழுந்தது. அதன்பின் பலவகைக் குடும்ப மாதிரிகளுக்கு மதிப்புக் கூடியது.

அவை சொல்லும் உண்மை எளியது. சேமிப்பு உள்ளவன் வருமானம் குறைந்தாலும் செலவை ஒரேயடியாகக் குறைப்பதில்லை. அன்றாடம் காய்ச்சியின் வருமானம் நின்றால் அன்றே அவன் செலவும் நிற்கிறது; அவனுக்கு விற்றவனின் வருமானமும் நிற்கிறது. ஆகவே ஏழைகள் அதிகமுள்ள நாட்டில் ஒரு சிறு அடியும் பெரிதாகப் பரவும். ஏழையின் கையில் நேரத்தில் கொடுக்கும் பணம் தருமமல்ல, பொருளாதாரத்துக்கு முட்டுக்கொடுப்பது. இதை மேடையில் சொன்னால் அரசியல் என்பார்கள். கணிப்பொறியே சொல்கிறதே, என்ன பதில்?

வேலையில்லாத் திண்டாட்டம் குறைந்த கதை

இனி நம் நாட்டுக்கு வருவோம். மாதிரி எவ்வளவு சிறந்ததானாலும் அதற்குள் போடும் எண் தவறினால் வெளியே வருவதும் தவறுதான். நம் எண் எப்படி இருக்கிறது?

2020 மார்ச் 25-ல் நாடு பூட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை. ரயில் இல்லை, பஸ் இல்லை, கூலி இல்லை. சாலையில் நடந்தவர்களை உலகமே பார்த்தது. மே 1-ஆம் நாள்தான் சிறப்பு ரயில்கள் புறப்பட்டன. ஒரு கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர் ஊர் திரும்பியதாக அரசே செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கூறியது. வழியில் இறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டபோது, கணக்கு இல்லை என்றது.

அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய கால் பங்கு சரிந்தது. நகரங்களில் வார நிலைக் கணக்குப்படி வேலையில்லாதோர் ஏறக்குறைய 21 விழுக்காடு. இது அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு சொல்வது.

அதே கணக்கெடுப்பின் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். ஜூலையிலிருந்து ஜூன் வரை ஓர் ஆண்டு. வழக்கமான நிலை என்ற அளவையில், வேலையில்லாதோர் 2018-19-ல் 5.8 விழுக்காடு, 2019-20-ல் 4.8, 2020-21-ல் 4.2. நாடே நின்றுபோன காலத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் குறைந்திருக்கிறது!

இது பொய்க் கணக்கா? பொய்யல்ல, அளவையின் குணம். ஊருக்குத் திரும்பியவன் அண்ணன் வயலில் சம்பளமில்லாமல் களை பறித்தால் அவன் ‘வேலையில் உள்ளவன்’. ஆண்டில் 30 நாள் துணை வேலை செய்தாலும் அந்த அளவையில் வேலை உள்ளவன்தான். வார நிலையிலும் ஏழு நாளில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தால் போதும். வேலை போனவன் எங்கே போனான் என்பது இன்னோர் எண்ணில் தெரிகிறது. உழைப்போரில் விவசாயத்தில் இருந்தவர்கள் 2018-19-ல் 42.5 விழுக்காடு; 2020-21-ல் 46.5. தொழில் வளரும் நாட்டில் குறைய வேண்டிய எண் ஏறியிருக்கிறது. மேலைநாட்டில் மந்தம் வந்தால் வேலையில்லாதோர் பட்டியல் நீளும். இங்கே மந்தம் வந்தால் ரயிலேறி ஊருக்குப் போய் வரப்பில் ஒளிந்துகொள்கிறது.

நகரத்துக் கூலியையும் அங்கே வேலை கிடைக்கும் வாய்ப்பையும் பெருக்கிப் பார்த்து, ஊர்க் கூலியோடு ஒப்பிட்டுத்தான் மனிதன் புலம்பெயர்கிறான் என்று ஹாரிஸ், டொடாரோ இருவரும் 1970-லேயே எழுதினார்கள். வாய்ப்பு அற்றுப்போனால் திரும்புவான் என்பதும் அதிலேயே அடங்கியது. நம் ஊர்தான் நமக்குக் காப்பீட்டு நிறுவனம். அதற்குப் பிரீமியம் கட்டுவது யார்? ஒரு படி அரிசியில் இன்னும் இரண்டு வாய்க்குச் சோறு வடிக்கிற நம் தாய்மார்கள். அந்தச் செலவு எந்த மாதிரியிலும் இல்லை. 2020-21-ல் அன்றிருந்த ஊரக வேலை உறுதித் திட்டம் 389 கோடி மனித நாட்கள் வேலை கொடுத்தது. முந்தைய ஆண்டில் அது 265 கோடி. அந்தப் பாரம் எவ்வளவு என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொன்று. தேசிய மாதிரி ஆய்வின் பெரிய வேலைவாய்ப்புச் சுற்று 2011-12-ல் நடந்தது. அதன்பின் புதிய தொழிலாளர் கணக்கெடுப்பு தொடங்கியது 2017-ல். 2016 நவம்பர் 8-ல் பணத்தாள்கள் செல்லாது என்று அறிவித்து, நாட்கூலி கொடுக்கக் கையில் தாள் இல்லாமல் மேஸ்திரிகள் விழித்தபோது, அந்தப் பெரிய அளவுகோல் கையில் இல்லை. புலம்பெயர்வோரைப் பொறுத்தமட்டில், 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை நம்மை எண்ணியது ரயில் பயணச்சீட்டுகளைக் கொண்டு! ஆண்டுக்கு 90 இலட்சம் பேர் வேலைக்காக மாநிலம் கடப்பதாக மதிப்பிட்டது. பொருளாதார நிபுணருக்கு முன் நம்மைக் கணக்கில் எடுத்தது டிக்கெட் கவுண்டர்தான்.

நாம் கேட்பது

நம் மும்பையின் கோட்டைப் பகுதியில்தான் ரிசர்வ் வங்கியின் தலைமையகம். முன்கணிப்புக்கு அங்கேயும் ஒரு காலாண்டு மாதிரி உண்டு. விலைவாசி, உற்பத்தி, வட்டி, நாணய மாற்று விகிதம் இவைதான் அதன் தூண்கள். 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி வங்கியின் முதற்கடமை விலைவாசியைக் கட்டுப்படுத்துவது. வளர்ச்சியை மனத்தில் கொள்வது அடுத்தது. விலைவாசி கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. எண்ணெய் விலை ஏறினால் முதலில் சுடுவது நம் கை. ஆனால் அமெரிக்க மத்திய வங்கிக்கு 1977 முதல் சட்டத்திலேயே வேலைவாய்ப்பும் கடமையாக எழுதப்பட்டிருக்கிறது. நம் சட்டத்தில் ஏன் எழுதக்கூடாது?

வேலை உண்டா இல்லையா என்று மட்டும் கேட்காமல், எத்தனை நாள், எந்த ஊரில், என்ன கூலிக்கு என்று கணக்கெடுக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் மாதந்தோறும் தொழிலாளர் கணக்கு எடுக்கத் தொடங்கியதை வரவேற்கிறோம். மாநிலம் விட்டு மாநிலம் போய்வருகிறவரின் வேலைநாட்களும் அதில் தனியாகத் தெரிய வேண்டும். 1979-ல் வந்த மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தில் ஐந்து பேர் இருந்தாலே பாதுகாப்பு. அதை விழுங்கிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பில் பத்துப் பேர் வேண்டும். ஐந்து பேரும் ஏழு பேருமாகச் சிதறி உழைக்கும் நம்மவர் எங்கே போவது? எண்ணிக்கை வரம்பைக் கூட்டினால் எண்ணப்படாதவர்களும் கூடுவார்கள்.

அரசைக் கேட்டதோடு நம் கடமை முடிந்துவிடாது. கணக்கெடுக்க வருகிறவரைக் கண்டால் கதவைச் சாத்துகிற பழக்கம் நம்மிடம் உண்டு. பயம் நமக்குப் புரிகிறது. ஆனால் கதவைச் சாத்தினால் நம் வீடு கணக்கிலிருந்து விழுந்துவிடும். 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்கு என்று அறிவிக்கப்பட்டது. தாய்மொழி தமிழ் என்றும், பிறந்த ஊர் இன்னது என்றும், வந்த காரணம் பிழைப்பு என்றும் தயங்காமல் சொல்லுங்கள். வீட்டில் அப்பளம் இடுகிற, பூக் கட்டுகிற பெண்களையும் ‘சும்மா இருக்கிறாள்’ என்று சொல்லாதீர்கள், அதுவும் உழைப்புத்தான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நாள், இடம், கூலி, வேலை இல்லாத நாள் என்று நான்கு கோடு போடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரட்டும். மேஸ்திரி கூலி பாக்கி வைத்தால் அது சாட்சி. ஆயிரம் வீட்டு நோட்டுகள் ஒரு சங்கத்தில் சேர்ந்தால் அது புள்ளிவிவரம். நாக்காவில் கூட்டம் எந்த மாதம் கூடியது, எந்த மாதம் கலையாமல் நின்றது என்று அதிகாரிகளிடம் எடுத்துவைக்க நம் கையிலும் காகிதம் இருக்கும்.

கணிப்பொறி நமக்குப் பகையல்ல. அதனிடம் சொல்லப்படாதது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். சொல்ல வேண்டியவர்கள் நாம். இந்த மாதமே நோட்டைத் தொடங்குங்கள்.